வாய்க்கால் வண்டலும் மூணு மாச சுகரும்

போன மாசம் இந்தப் பக்கத்துல எச்பிஏ1சி-ன்னா மூணு மாச சுகரோட சராசரின்னு ஒத்த வரில எழுதிட்டுப் போயிட்டேன். அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்அப் மெசேஜும் பாத்தா தலை சுத்துது. முக்காவாசிப் பேரு கேட்டது ஒரே கேள்விதான், வீட்டு மீட்டர் ஒண்ணு சொல்லுது லேப் பேப்பர் ஒண்ணு சொல்லுது, எதை நம்புறது? சரி, இந்தத் தடவ பக்கம் முழுக்க அதுக்கே குடுத்துடுவோம்னு எடிட்டர்கிட்ட கேட்டு வாங்கிட்டேன். புதுசா படிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: நான் டாக்டர் இல்ல, தஞ்சாவூர்ல முப்பது வருஷத்துக்கு மேல லேப்ல ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணி ரிட்டயர் ஆனவன். மாத்திரைய கூட்டறதும் கொறைக்கறதும் உங்க டாக்டர் வேலை. பேப்பர்ல இருக்கற நம்பர் எப்படி வந்துச்சுன்னு சொல்றது மட்டும் என் வேலை.

கேள்வி: அண்ணே, எனக்கு 43 வயசு. ஒரு வருஷமா தூரம் வந்தா எட்டு நாள் ஒம்பது நாள் நிக்க மாட்டேங்குது. மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னு செக்கப் பண்ணோம். எச்பிஏ1சி 6.8, வெறும் வயித்துல 98, சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 132, ஹீமோகுளோபின் 8.4. பேப்பரப் பாத்துட்டு உனக்கு சுகர் வந்துடுச்சுன்னு எங்க நாத்தனா தெரு முழுக்க சொல்லிட்டாங்க. சுகர் மாத்திரையும் எழுதிக் குடுத்துருக்காங்க, இன்னும் ஆரம்பிக்கல. எனக்கு நெசமாவே சுகர் இருக்கா? — மன்னார்குடி வாசகி

பதில்: தங்கச்சி, நீங்க எழுதின நாலு நம்பர்ல எல்லாரும் 6.8-அப் புடிச்சுக்கிட்டாங்க, நான் மொதல்ல பாத்தது அந்த 8.4-அ. பொம்பளைங்களுக்கு 12-க்குக் கீழ போனாலே ரத்தசோகைன்னு கணக்கு, உங்களுக்கு எட்டரை கூட இல்ல, அதப் பத்தி நாத்தனா ஒரு வார்த்தை பேசல பாருங்க.

இந்த டெஸ்ட் எதை அளக்குதுன்னு கொஞ்சம் பொறுமையா கேளுங்க, அப்பதான் பாக்கி எல்லாருக்கும் சொல்றது புரியும். நம்ம ரத்தத்துல ஒரு கன மில்லிமீட்டருக்கு நாப்பது அம்பது லட்சம் சிவப்பணு இருக்கு. அது எலும்பு மஜ்ஜைல பொறந்து, சுமாரா 120 நாள் ஒடம்பு பூரா ஓடி, கெழடானதும் மண்ணீரலும் கல்லீரலும் அதைப் புடிச்சு ஒடச்சிடுது. குறுவை நெல்லுக்கு என்ன வயசோ கிட்டத்தட்ட அதே வயசுதான் ஒரு சிவப்பணுவுக்கு. அந்த அணுவுக்குள்ள சுகர் போறதுக்கு இன்சுலின் தேவையில்ல, வெளில எவ்வளவு இருக்கோ அதுக்குத் தக்கன உள்ளயும் இருக்கும். உள்ள இருக்கற ஹீமோகுளோபின்ல அந்த சுகர் மெல்ல மெல்ல ஒட்டிக்குது, ஒட்டினா அந்த அணு சாகற வரைக்கும் பிரியாது. நூறு ஹீமோகுளோபின்ல எத்தனைல சுகர் ஒட்டியிருக்குங்கறதுதான் அந்த சதவீதம்.

இப்ப நம்ம ஊர் கணக்குக்கு வாங்க. ஜூன் 12 மேட்டூர் தொறக்கறதுக்கு முன்னாடி சித்திரை வைகாசில வாய்க்கால் தூர்வாருறாங்கல்ல, ஒருத்தன் வந்து வாய்க்கால் அடில குச்சிய விட்டுப் பாத்து வண்டல் எவ்வளவு படிஞ்சிருக்குன்னு அளந்து, அத வச்சு இந்த வருஷம் ஆத்துல தண்ணி எவ்வளவு கலங்கலா வந்துச்சுன்னு சொல்றான்னு வைங்க. எல்லா வாய்க்காலும் ஒரே நேரத்துல தூர்வாரியிருந்தா அவன் சொல்றது சரியா இருக்கும். ஆனா ஒரு வாய்க்கால மூணு வருஷமா யாரும் தொடல, பக்கத்து வாய்க்கால போன மாசம்தான் வாருனாங்கன்னா? ஒரே ஆத்துத் தண்ணிதான் ரெண்டுலயும் ஓடியிருக்கும், ஆனா மொத வாய்க்கால்ல மொழங்கால் வண்டல், ரெண்டாவதுல விரக்கடை. குச்சி பொய் சொல்லல, கணக்குதான் தப்பு. எச்பிஏ1சி அந்தக் குச்சி மாதிரி. தண்ணி கலங்கலையும் காட்டும், வாய்க்கால் தூர்வாரி எத்தனை நாளாச்சுங்கறதையும் சேத்துக் காட்டும், ரெண்டையும் பிரிச்சுக் காட்டாது.

உங்க விஷயத்துல மாசாமாசம் ரத்தம் போயிப் போயி இரும்புச்சத்து தீந்துருக்கும்னுதான் தோணுது. இரும்பு இல்லன்னா புது சிவப்பணு உற்பத்தி மந்தமாயிடும், இருக்கற கூட்டத்துல வயசான அணுவோட பங்கு கூடிடும், அதுங்க மேல சுகரும் அதிகமா ஒட்டியிருக்கும், அதனால எச்பிஏ1சி ஏத்தமா வருதுன்னு ஒரு விளக்கம். இரும்பு கொறைஞ்சா ஹீமோகுளோபின்ல சுகர் ஒட்டறதே கூடுதுன்னு இன்னொரு விளக்கமும் சொல்றாங்க. காரணத்துல ரெண்டு பேச்சு இருந்தாலும், இரும்புச்சத்து கொறைஞ்ச ரத்தசோகைல சுகர் ஏறாமயே இந்த நம்பர் ஏறும்ங்கறது பல தடவ பாத்த விஷயம்.

நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாக்கலாம். எச்பிஏ1சி-ய 28.7-ஆல பெருக்கி அதுல 46.7-அக் கழிச்சா சராசரி சுகர் வரும். 6-ன்னா 126, 7-ன்னா 154, 8-ன்னா 183. உங்க 6.8-க்கு 148 வருது. ராத்திரி பகல் எல்லாம் சேத்து சராசரி 148-ன்னா, காலைல 98-ம் சாப்ட்டப்புறம் 132-ம் எப்படி வரும்? சாப்ட்டப்புறம் வந்த நம்பரே சராசரியத் தொடலியே! இப்படி ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகலன்னா, சுகருக்கு முன்னாடி ரத்தத்த சந்தேகப்படணும்.

6.5-அத் தொட்டா சுகர்ங்கற கணக்கே ரத்தம் ஒழுங்கா இருக்கறவங்களுக்குப் போட்டதுதான். சிவப்பணுவோட வயசு மாறியிருக்குன்னு தெரிஞ்சா நேரடி குளுக்கோஸ் டெஸ்ட்ட வச்சுதான் முடிவு பண்ணணும்னு டாக்டர்ங்க படிக்கற வழிகாட்டுதல்லயே இருக்கு, வெறும் வயித்துல 126, குளுக்கோஸ் தண்ணி குடிச்சு ரெண்டு மணி நேரத்துல 200, இதுதான் எல்லை. அதனால நாலு நம்பரையும் ஒரே தாள்ல பக்கத்துல பக்கத்துல எழுதி, எழுதிக் குடுத்த டாக்டர்கிட்டயே போயி, ஹீமோகுளோபின் 8.4 இருக்கே சார், இத வச்சு 6.8-அ நம்பலாமான்னு கேளுங்க. மாத்திரைய நான் நிறுத்தச் சொல்லல, கேக்கச் சொல்றேன். ஃபெரிட்டின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, இரும்பு இருப்பு காட்டும், அதையும் கேளுங்க. ஒம்பது நாள் போறதுக்கு ஒரு மகப்பேறு டாக்டரையும் பாத்தே ஆகணும், கட்டி கிட்டி இருந்தா இரும்பு மாத்திரை ஓட்டப் பானைல தண்ணி ஊத்தற கதைதான்.

இன்னொண்ணு. இரும்பு மாத்திரை ஆரம்பிச்சதும் புது அணு ஏகத்துக்குப் பொறக்கும், வாய்க்கால் முழுக்க புதுசா வாருன மாதிரி ஆயிடும், அப்ப எச்பிஏ1சி எடுத்தா சட்டுனு எறங்கியிருக்கும். அதப் பாத்து காபில சக்கரைய நிறுத்துனதுனாலதான் எறங்குச்சுன்னு நாத்தனா பேரு வாங்கிக்குவாங்க. ஹீமோகுளோபின் சரியாகி, அப்புறமும் ஒரு மூணு மாசம் கழிச்சு எடுக்கற நம்பர்தான் உங்க நெச நம்பர்.

இத இவ்வளவு நீட்டிச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. 2019-21-ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டுல 15-லேர்ந்து 49 வயசு பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு மேல, 53.4 சதவீதம், ரத்தசோகை. அதுல எத்தனை பேரு எச்பிஏ1சி பேப்பர மட்டும் பாத்துட்டு பயந்து போயி உக்காந்துருக்காங்களோ.

கேள்வி: சார் வணக்கம். எங்க அப்பாவுக்கு 66 வயசு, வாரம் ரெண்டு டயாலிசிஸ் போறாரு. இன்சுலின் போடுறோம். எச்பிஏ1சி 5.6-ன்னு வந்துருக்கு, சொந்தக்காரங்க எல்லாம் சுகர் போயே போச்சு இன்சுலின நிறுத்துங்கன்னு சொல்றாங்க. ஆனா வீட்டு மீட்டர்ல மத்தியான சாப்பாட்டுக்கப்புறம் 210, 220 காட்டுது. மீட்டர் ரிப்பேரா? — கும்பகோணம் வாசகர்

பதில்: தம்பி, ஸ்ட்ரிப் எக்ஸ்பயரி ஆகாம இருந்து, கைய கழுவிட்டுத் தொடச்சுட்டு குத்துனீங்கன்னா மீட்டர் மேல எனக்குப் பெரிய சந்தேகம் இல்ல. மாம்பழம் நறுக்குன கையோட குத்திட்டு 300-ன்னு பதறி ஓடி வந்தவங்கள நான் பாத்துருக்கேன், அதனால கைய கழுவுங்க.

மன்னார்குடி தங்கச்சிக்கு நடந்ததுக்கு நேர் எதிர் உங்க அப்பாவுக்கு. கிட்னி கெட்டுப்போனவங்களுக்கு சிவப்பணு 120 நாள் தாங்காது, சீக்கிரமே செத்துடும். டயாலிசிஸ்ல கொஞ்சம் கொஞ்சம் ரத்தம் வேற போகும். அதுக்கு மேல ரத்தம் ஊற ஒரு ஊசி போடுவாங்கல்ல, எரித்ரோபாய்ட்டின், அது மஜ்ஜைய வெரட்டி வெரட்டி புது அணுவா தள்ள வைக்கும். இடைல ஒரு பாட்டில் ரத்தம் ஏத்தியிருந்தா அது அடுத்தவங்க அணு, அதுல இருக்கற வண்டல் அவங்க சுகரோடது. இப்படி எப்பவும் புதுசா தூர்வாருன வாய்க்கால்ல குச்சிய விட்டா 5.6 தானே வரும். அந்த 5.6-க்கு கணக்குப் போட்டா சராசரி 114. மீட்டர்ல 220 பாத்த மனுஷனுக்கு 114 சராசரின்னா நடுவுல எத்தனை தடவ தாழ்சுகர் வந்து மயங்கியிருக்கணும்னு யோசிங்க.

அப்பாவுக்கு இந்த டெஸ்ட்ட வச்சு இன்சுலின நிறுத்துறது கண்டிப்பா கூடாது. அதே மாதிரி 220-ஐப் பாத்து நீங்களா ரெண்டு யூனிட் ஏத்தவும் கூடாது, ஏன்னா கிட்னி வேலை செய்யலன்னா இன்சுலின் ஒடம்ப விட்டு வெளியேற லேட்டாகும், ராத்திரில சுகர் தடால்னு எறங்கும். இவங்களுக்கு மீட்டர்தான் தெய்வம். காலைல, சாப்ட்டப்புறம், ராத்திரி படுக்கறப்ப, டயாலிசிஸ் நாள்ல தனியா, ஒரு ரெண்டு வாரம் நோட்டுல எழுதுங்க. காசு முடிஞ்சா கைல ஒட்டற சென்சார் இருக்கு, பத்து பதினாலு நாள் ராத்திரி பகலா பாத்துக்கிட்டே இருக்கும், அதுக்கும் சிவப்பணுவுக்கும் ஒரு ஒட்டு உறவும் இல்ல.

கிளைகேட்டட் ஆல்புமின், ஃப்ரக்டோசமைன்னு ரெண்டு டெஸ்ட் இருக்கு. இதுல சுகர் ஒட்டறது ரத்தத்துல இருக்கற புரதத்து மேல, அணு மேல இல்ல, ரெண்டு மூணு வாரக் கணக்கு காட்டும். ஆனா யூரின்ல புரதம் ஒழுகறவங்க, கல்லீரல் கெட்டவங்க, ஆல்புமின்ங்கற அந்த ரத்தப் புரதம் கொறைஞ்சவங்களுக்கு இதுவும் காலை வாரும். கிட்னி பாக்கற நெஃப்ராலஜி டாக்டர்ட்ட கேட்டுக்குங்க.

கேள்வி: திருவையாறு அசோகா அல்வா எனக்கு உயிரு. டெஸ்ட்டுக்கு பத்து நாள் முன்னாடி நிறுத்திட்டு, பேப்பர் வாங்குன கையோட கடைக்குப் போயிடுவேன். டாக்டருக்குத் தெரியுமா? — கண்டியூர் வாசகர், பேரு வேண்டாம்

பதில்: பேரு போடல, பயப்படாதீங்க. மூணு மாச சராசரின்னு சொல்றோமே தவிர மூணு மாசத்துக்கும் ஒரே எடை இல்ல. ரத்தத்துல எப்பவும் கெழட்டு அணு, நடுவயசு, நேத்து பொறந்ததுன்னு எல்லாம் கலந்து ஓடுது, கடைசி மாசத்த எல்லா அணுவுமே பாத்துருக்கும், நாலு மாசம் முன்னாடி நடந்தத சாகப்போற கொஞ்சம் பேருதான் பாத்துருப்பாங்க. அதனால நம்பர்ல பாதி கடைசி ஒரு மாசத்தோடது, கால்வாசி அதுக்கு முந்தின மாசம், மிச்ச கால்வாசி அதுக்கும் முன்னாடி ரெண்டு மாசம். பத்து நாள் விரதத்துக்கு ஏதோ கொஞ்சம் எறங்கும், மொத்தமா மறைக்காது. டாக்டருக்குத் தெரியும்ங்க, சொல்லாம இருக்காரு அவ்வளவுதான்.

கேள்வி: என் மக மாசமா இருக்கா, ஆறாவது மாசம். ஆஸ்பத்திரில குளுக்கோஸ் தண்ணி குடிச்சு டெஸ்ட் பண்ணச் சொல்றாங்க. குடிச்சா வாந்தி வருதுன்னு அழறா. எச்பிஏ1சி 5.1 இருக்கே, அது போதாதா? — பட்டுக்கோட்டை அம்மா

பதில்: போதாதும்மா. மாசமா இருக்கறப்ப சிவப்பணு வேகமா மாறும், புதுசு நெறய பொறக்கும், ஆயுசும் கொறையும், அதனால எச்பிஏ1சி இயல்பாவே தாழ்ந்து வரும். கூடவே இரும்பு கொறைஞ்சிருந்தா அது ஒரு பக்கம் மேல இழுக்கும். ரெண்டும் சேந்து 5.1-ன்னு அழகா ஒரு நம்பர் வந்து நிக்கும், அதுக்கு ஒரு அர்த்தமும் சொல்ல முடியாது. அதோட கர்ப்பத்துல சுகர் சாப்ட்டப்புறம்தான் எகிறும், சராசரில அது மறைஞ்சு போயிடும், புள்ளைக்கு கெடுதல் பண்றது அந்த எகிறலும்தான்.

75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரத்துல 140-அத் தொட்டா கர்ப்பகால சுகர். சாப்ட்டுட்டு வந்துருந்தாலும் பரவால்ல, ஒரே குத்துல முடிச்சுடலாம்னு இந்த முறைய இந்தியாவுக்குக் கொண்டு வந்தவங்கள்ல முக்கியமானவரு நம்ம சென்னை டாக்டர் வி. சேஷய்யா. கிராமத்துலேர்ந்து பஸ் ஏறி வர்ற பொண்ண வெறும் வயித்தோட திரும்ப வரச் சொன்னா வர மாட்டாங்கறத புரிஞ்சு பண்ணுன வேலை, எனக்கு அதுல தனி மரியாதை உண்டு. தண்ணில கொஞ்சம் எலுமிச்சம்பழம் புழிஞ்சுக்கலாமான்னு நர்ஸம்மாட்ட கேளுங்க, அஞ்சு பத்து நிமிஷத்துல மெல்ல மெல்ல குடிக்கச் சொல்லுங்க. அர மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்துட்டா அந்த டெஸ்ட் செல்லாது, இன்னொரு நாள் பண்ணணும்.

கேள்வி: அண்ணே, எனக்கு தோல் வியாதிக்கு நாலு மாசமா டாப்சோன்னு ஒரு மாத்திரை. போன வருஷம் எச்பிஏ1சி 8.9 இருந்துச்சு, இப்ப 5.2. சாப்பாடு மாத்தவே இல்ல, மீனும் சோறும்தான். தோல் மாத்திரைல சுகர் குணமாயிடுச்சுன்னு நான் நம்புறேன். சுகர் மாத்திரைய விட்டுடலாமா? — நாகப்பட்டினம் வாசகர்

பதில்: விட்டுடாதீங்க அண்ணே! டாப்சோன் சுகர ஒண்ணும் பண்ணல, உங்க சிவப்பணுவ ஒடைக்குது. அணு சீக்கிரம் ஒடைஞ்சு சுகர் ஒட்ட நேரமே இல்லாம போறதுனால நம்பர் விழுந்துருக்கு. லேப்ல ஒக்காந்திருந்தப்ப இப்படி 9-லேர்ந்து 5-க்கு நாலு மாசத்துல விழுந்த பேப்பரப் பாத்தா நான் மொதல்ல கேக்கற கேள்வி, வேற என்ன மாத்திரை சாப்புடுறீங்க? ரத்தம் ஏதும் ஏத்துனாங்களா? இந்த ரெண்டும்தான்.

உங்களுக்கு சுகர விட அவசரம் ஹீமோகுளோபின் பாக்கறது. உதடு நீலம் பாய்ஞ்சாலோ, மூச்சு வாங்குனாலோ, கண்ணு மஞ்சளானாலோ, யூரின் காபி கலர்ல போனாலோ அன்னைக்கே டாக்டர்ட்ட போங்க. ஜி6பிடி-ன்னு ஒரு என்சைம் சில குடும்பத்துல பொறப்புலயே கொறைவா இருக்கும், ஆம்பளைங்களுக்கு அதிகம், அவங்களுக்கு இந்த மாத்திரை ரொம்பவே ஒத்துக்காது. சுகர் டாக்டருக்கு தோல் மாத்திரை தெரியாது, தோல் டாக்டருக்கு சுகர் பேப்பர் தெரியாது, நடுவுல ரெண்டு சீட்டையும் சட்டப்பைல வச்சுருக்கறது நீங்க ஒருத்தர்தான். ரெண்டு பேருட்டயும் ரெண்டு சீட்டையும் காட்டுங்க.

கேள்வி: வருஷத்துக்கு மூணு தடவ ரத்ததானம் பண்றேன். எச்பிஏ1சி 6.2 இருந்தது இப்ப 5.8. தானம் பண்ணா சுகர் கொறையும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, உண்மையா? — தஞ்சாவூர், மெக்கானிக்

பதில்: நம்பர் கொறையலாம், சுகர் கொறையணும்னு இல்ல. ஒரு யூனிட் குடுத்தா அந்த எடத்த நெரப்ப புது அணு வருது, கூட்டத்தோட சராசரி வயசு எறங்குது. கடைசியா குடுத்து மூணு நாலு மாசம் கழிச்சு ஒரு தடவ எடுத்துப் பாருங்க. ஆனா இரும்பு மாத்திரை இல்லாம அடிக்கடி குடுத்துக்கிட்டே இருந்தீங்கன்னா இருப்பு தீந்து மன்னார்குடி தங்கச்சி கதை ஆகும், அப்ப நம்பர் மேல போகும். ரத்தம் போறதுங்கறது ரெண்டு பக்கமும் இழுக்கற சமாச்சாரம், திடீர்னு போனா கீழ, கொஞ்சம் கொஞ்சமா வருஷக்கணக்குல போனா மேல.

எனக்கே இது நடந்துச்சு. மூலத்துல ரத்தம் போயிக்கிட்டு இருந்துச்சு, வெக்கத்துல யாருட்டயும் சொல்லல. எச்பிஏ1சி மட்டும் ஏறிக்கிட்டே போவுது, நான் பாட்டுக்கு சோத்தக் கொறைச்சு கொறைச்சு எலும்பா போயிட்டேன். கடைசில வீட்டுக்காரி என் கண்ணு கீழ்இமைய இழுத்துப் பாத்து, என்னங்க இப்படி வெளுத்துக் கெடக்குன்னு கேட்டப்பதான் புத்தி வந்துச்சு. ஊருக்கெல்லாம் ஹீமோகுளோபின் பாத்துக் குடுத்தவன், தன்னோடத ரெண்டு வருஷமா பாக்கல.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். நீங்கள் வாட்ஸ்அப்பில் ஒரு நண்பருக்கு அனுப்பிய பதிலைப் பார்த்தேன். இத்தனை ஓட்டை உள்ள ஒரு பரிசோதனைக்கு ஐந்நூறு ரூபாய் வாங்குவது மோசடி அல்லவா? — மயிலாடுதுறை வாசகர்

பதில்: சார், வணக்கம். கோவத்துல நியாயம் இருக்கு, ஆனா மோசடின்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். இந்த டெஸ்ட் பொறந்த கதையே ஒரு லேப் மேஜைல நடந்தது. 1968-ல ஈரான்ல, தெஹ்ரான்ல, சாமுவேல் ரஹ்பர்னு ஒருத்தர் விதவிதமான ஹீமோகுளோபின் தேடிக்கிட்டு இருந்தாரு, ஜெல்லுல ரத்தத்த ஓட விட்டு பாக்கறப்ப சில பேருக்கு மட்டும் ஒரு பட்டை வழக்கத்த விட தனியா ஓடுது, அது யாருன்னு பாத்தா எல்லாம் சுகர்காரங்க. அதுக்கு முன்னாடி எல்லாரும் அன்னைக்கு காலைல எடுத்த சுகரையும் யூரினையும் வச்சுதான் வைத்தியம். 1993-ல அமெரிக்காவுலயும் கனடாவுலயும் 1,441 பேர வச்சுப் பண்ணுன பெரிய ஆராய்ச்சி முடிவு வந்துச்சு, எச்பிஏ1சி-ய 7 கிட்ட வச்சுக்கிட்டவங்களுக்கு 9 கிட்ட இருந்தவங்கள விட கண்ணு, கிட்னி, நரம்பு பாதிப்பு நல்லாவே கொறைஞ்சுச்சு. அது சின்ன விஷயமா சார்? எத்தனை பேரு கண்ணு தப்பிச்சிருக்கு.

நீங்க கணக்கு வாத்தியார்ங்கறதுனால இன்னொண்ணு சொல்றேன், உங்களுக்குப் புடிக்கும். நோயே இல்லாத, ரத்தம் சரியா இருக்கற ஆளுங்களுக்குள்ளயும் சிவப்பணு ஆயுசு ஆளுக்கு ஆள் வேற. 2008-ல சின்சினாட்டில ராபர்ட் கோஹன்னு ஒரு டாக்டர் குழு அணுவுக்கு அடையாளம் போட்டு, ரத்தத்துல எத்தனை நாள் நிக்குதுன்னு அளந்து பாத்து, இந்த வித்தியாசமே எச்பிஏ1சி-ய மாத்தறதுக்குப் போதும்னு எழுதினாங்க. அப்படின்னா ஒரே சராசரி சுகர் இருக்கற ரெண்டு பேருக்கு ஒருத்தருக்கு 6.7-ம் இன்னொருத்தருக்கு 7.3-ம் வந்தா ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல. மாறிலின்னு நெனச்சு நாம சமன்பாட்டுல போட்டது நெசத்துல ஒரு மாறி. அதனாலதான் பக்கத்து வீட்டுக்காரர் நம்பரோட ஒப்பிடாதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கறேன். உங்க நம்பர உங்க பழைய நம்பரோட ஒப்பிடுங்க, முடிஞ்ச வரைக்கும் ஒரே லேப்ல, அப்ப அந்த ஓட்டை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், வித்தியாசம் உண்மையா இருக்கும். மீட்டரும் பேப்பரும் ஒத்துப் போறவங்களுக்கு இதைவிட சௌகரியமான டெஸ்ட் இல்ல.

ஒரு வேடிக்கையும் கேளுங்க. சுகருக்குக் குடுக்கற மெட்ஃபார்மின்ன வருஷக்கணக்கா சாப்ட்டா சில பேருக்கு பி12 வைட்டமின் கொறையும், பி12 கொறைஞ்சாலும் புது அணு சரியா வராம எச்பிஏ1சி ஏத்தமா காட்டலாம். ஏறுதேன்னு மெட்ஃபார்மின் டோஸ ஏத்துனா? பாம்பு தன் வாலையே முழுங்கற கதை. பத்து வருஷமா அந்த மாத்திரைல இருக்கறவங்க, காலு மதமதப்பு வேற இருந்துச்சுன்னா, பி12 ஒரு தடவ பாக்கச் சொல்லி டாக்டர்ட்ட கேளுங்க.

கேள்வி: எங்க ஊர்லேர்ந்து லேபுக்கு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸு. எச்பிஏ1சி-க்கு வெறும் வயித்துல வரணுமா? ஹீமோகுளோபினும் பாக்கணும்னா தனியா ஒரு நாள் வரணுமா, எனக்கு ஊசின்னாலே ஆகாது. — வேதாரண்யம் வாசகி

பதில்: எச்பிஏ1சி-க்கு பட்டினி வேண்டாம்மா, இட்லி சாப்ட்டுட்டே பஸ் ஏறுங்க. வெறும் வயித்து சுகரும் சேத்துப் பாக்கறதா இருந்தா மட்டும் சாப்டாம வரணும். எச்பிஏ1சி-க்கு ரத்தம் எடுக்கறது ஊதா மூடி போட்ட ட்யூப்ல, ஹீமோகுளோபின், சிவப்பணு எண்ணிக்கை, அணுவோட சைஸ் எல்லாம் பாக்கற சிபிசி-யும் அதே ஊதா மூடி ட்யூப்தான். குத்தறதுக்கு முன்னாடியே லேப் புள்ளைட்ட சொல்லிடுங்க, ஒரே ட்யூப்ல ரெண்டையும் போட்டுருவாங்க, கூட ஒரு குத்து கெடையாது.